கூட்டத்தை நடத்திச் சென்ற தமட்டை

காலை ஒன்பது இருபது. சந்தாபுரா கூட்டு ரோட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தீ. பஞ்சர் கடையை ஒட்டிய காலி மனையில் வைக்கோலும் பழைய அட்டைப் பெட்டிகளும் எரிந்துகொண்டிருந்தன. நான்கு பேர் அதைச் சுற்றிக் குந்தியிருந்து, தமட்டை என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் வட்டமான தோல் பறைகளைச் சூட்டில் காட்டிக் காட்டித் திருப்பினார்கள். மழை இல்லை, ஆனால் காற்றில் ஈரம் இருந்தது. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். சூடு பட்டால்தான் விறைக்கும்.

2002ஆம் ஆண்டு, ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம். பிரேசிலும் ஜெர்மனியும் மோதுகின்றன. நம் நேரப்படி மாலை நான்கரைக்குத் தொடக்கம். அதற்காக நான் ஒசூரில் ஏழு ரூபாய் டிக்கெட் எடுத்துச் சந்தாபுரா வரை வந்திருந்தேன். இங்கிருந்து ஏறத்தாழ இருபத்தேழு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், கண்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழர்கள் வாழும் குடியிருப்பு ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு மைதானம். இறுதி ஆட்டத்தை அங்கே இரண்டாயிரம் பேராவது ஒன்றாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். அத்தனை பேரையும் அடிபடாமல் வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு, மைதானச் சங்கத்தின் செயலாளர் சுஜாதாவுடையது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதவே இந்தப் பயணம்.

தொலைபேசியில் வழி கேட்டபோது சுஜாதா சொன்னது இது: "நேரா வராதீங்க சார். சந்தாபுராவுல முனிராஜு இருப்பாரு. அவரு டெம்போல ஏறிக்கோங்க. எங்க கூட்டத்தை யாரு கையில குடுத்திருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தா உங்களுக்கும் சுலபம்."

முனிராஜுவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆனேக்கல் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், மாட்டுச் சந்தையில் தெலுங்கு என்று மூன்று மொழியிலும் ஒரே வேகத்தில் பேசுகிறார். மற்ற மூவரும் அவருடைய தம்பியும் தம்பியின் மைத்துனர்களும். டீக்கடையில் மூன்று ரூபாய் டீ குடித்துவிட்டு டெம்போவின் பின்பக்கம் ஏறினோம்.

பொம்மசந்திராவைத் தாண்டும்போது நான் அவரிடம் கேட்டேன், இன்று எந்த அணி ஜெயிக்கும் என்று.

"எந்த அணின்னா?"

"பிரேசிலா, ஜெர்மனியா?"

"நமக்கு அதெல்லாம் தெரியாது சார். ஒரு தடவ பார்த்தேன். கோல் போனாலும் தலையில கை வைக்கறாங்க, போகலேன்னாலும் தலையில கை வைக்கறாங்க. எதுக்கு அழறாங்க, எதுக்குச் சிரிக்கறாங்கன்னே புரியல."

தம்பி குறுக்கிட்டார். "அண்ணனுக்குக் கிரிக்கெட்டும் புரியாது சார். டாஸ் போட்டதும் யாரு ஜெயிச்சாங்கன்னு கேப்பாரு."

"டாஸ் ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தானடா?"

நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் முனிராஜு தன் வேலையைப் பற்றிச் சொன்னார். தமட்டையில் ஆடுகிற அடி வேறு, நடக்கிற அடி வேறு. ஆடுகிற அடி அடித்தால் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று ஆடுவார்கள்; பின்னால் வருகிறவர்கள் வந்து முட்டுவார்கள். நடக்கிற அடிக்குக் கால் தானாக நகரும். ஊர்த் திருவிழாவில் குறுகலான தெருவில் தேர் திரும்பும்போது அவர் இரண்டாவதைத்தான் அடிக்கிறார். தேருக்கு முன்னால் நிற்கும் ஜனத்தைக் கம்பு வைத்துத் தள்ளினால் போகாது. தமட்டை முன்னால் போனால் போகும்.

"சாவுக்கும் அதே அடிதானா?" என்று கேட்டேன்.

"சாவுக்குப் போனா திரும்பி வர்றப்ப ஒரு ஆளு கம்மி" என்றார். "இன்னிக்குப் போன கணக்கு வந்த கணக்குச் சரியா இருக்கணும்னு சுஜாதாக்கா சொல்லியிருக்காங்க."

எலெக்ட்ரானிக் சிட்டி வாசல்கள் ஞாயிறு என்பதால் மூடிக்கிடந்தன. பொம்மனஹள்ளியில் பத்து நிமிடம் நெரிசல். மடிவாளாவில் காய்கறி வண்டிகளுக்கு நடுவே மஞ்சள் பச்சைக் கொடி கட்டிய ஆட்டோ ஒன்று எங்களை முந்தியது. ஆஸ்டின் டவுன் பக்கம் வந்ததும் கொடிகள் பெருகின. ஒரு வீட்டு மாடியில் ஜெர்மன் கொடிக்குப் பதிலாக, அதே மூன்று நிறங்களை வரிசை மாற்றித் தைத்துப் பறக்கவிட்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குச் சற்று முன் குடியிருப்பை அடைந்தோம். மைதானம் என்று அவர்கள் சொல்வது, நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்த செம்மண் நிலம். புல் கிடையாது. கோல் கம்பங்கள் இரும்புக் குழாய். வெளியே போக இரண்டே வழி. மேற்கே பெரிய வாசல். ஒரு லாரி நுழையும் அகலம். அது நேராகப் பிரதான சாலைக்குப் போகிறது. கிழக்கே மூன்றாவது சந்து. இரண்டு பேர் கைகோத்து நடந்தால் தோள் சுவரில் உரசும். அந்தச் சந்தின் வாயை ஒட்டியே கேபிள் போடத் தோண்டிய பள்ளம் இருந்தது. மேலே பலகை போட்டிருந்தார்கள்.

சுஜாதாவுக்கு நாற்பதுக்குள் இருக்கும். தனியார் மருத்துவமனை ஒன்றின் பில் கவுண்டரில் வேலை. கழுத்தில் விசிலும் கையில் நைலான் கயிறுமாக மைதானத்தின் நடுவில் நின்றிருந்தார். முனிராஜுவைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, சங்கத்துத் தொண்டர்கள் போட்டிருந்த அதே ஆரஞ்சு நிற மேல்சட்டையை நான்கு பேருக்கும் கொடுத்தது.

"இத போட்டுக்கோங்க அண்ணா. நீங்க வாசிக்க வந்தவங்க இல்ல. எங்க ஆளுங்க."

பிறகு என்னை அழைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். பெரிய திரை எதுவும் இல்லை. செங்கல் அடுக்கி, மேஜை போட்டு, எட்டு இடங்களில் எட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெயிலும் தூறலும் படாமல் கறுப்புத் துணிக் கூரை. எல்லாம் வீடுகளிலிருந்து வந்த பெட்டிகள். பக்கத்திலேயே பெட்டிக்குச் சொந்தக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே திரை வெச்சா இரண்டாயிரம் பேரும் முன்னால வரப் பார்ப்பாங்க" என்றார் சுஜாதா. "எட்டு வெச்சா, எட்டுக் கூட்டம். அதுவும் அவங்கவங்க சந்துக்காரங்க அவங்கவங்க டி.வி.கிட்டதான் உக்காருவாங்க. யாராவது எழுந்து குதிச்சா டி.வி. வீட்டுக்காரம்மாவே பார்த்துக்கும். போலீசு சொன்னா கேக்காதவன் கமலாக்கா சொன்னா கேப்பான்."

எட்டாவது பெட்டி வடக்கு மூலையில் தனியாக இருந்தது. அது ஐந்தாவது சந்தினுடையது. இந்தக் குடியிருப்பில் எல்லாச் சந்தும் பிரேசில் என்றால் ஐந்தாவது சந்து மட்டும் அர்ஜென்டினா. இந்த முறை அர்ஜென்டினா முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. அதனால் ஐந்தாவது சந்து இன்று ஜெர்மனியின் பக்கம். ஜெர்மனியின் மீது அவர்களுக்குத் தனி அன்பு எதுவும் இல்லை.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம் நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 1998 இறுதி ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவுக்குப் பிறகு நடந்தது. பிரேசில் தோற்றது. பிரேசில் வெற்றிக்காக மூன்றாவது சந்தின் வாயில் போட்டுவைத்திருந்த பட்டாசுச் சரத்தை, தோல்வியைக் கொண்டாட ஐந்தாவது சந்துக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். சந்துக்குள் பாதி தூரம் போயிருந்தவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். மைதானத்திலிருந்து வந்தவர்கள் உள்ளே போனார்கள். சுவரோடு நசுங்கியவர்களில் சுஜாதாவும் ஒருவர். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் காலையில் சந்து முழுக்க நெரிசலில் கழன்ற செருப்புகள் கிடந்தன. அதற்குப் பிறகு இந்த மைதானத்தில் இரவுக் கூட்டம் எதற்கும் அனுமதி இல்லை. இந்த உலகக் கோப்பையின் மற்ற ஆட்டங்களுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டம் பகலில் என்பதாலும், சுஜாதா ஆறு முறை காவல் நிலையம் போய்க் கேட்டதாலும் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி. நிபந்தனை ஒன்று. யாருக்காவது அடிபட்டால் மைதானத்துக்குப் பூட்டு. தொலைக்காட்சிக்கு மட்டுமல்ல, பந்தாட்டத்துக்கும். இரண்டு வாரத்தில் இங்கே சந்துகளுக்கிடையேயான லீக் ஆட்டங்கள் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் கடைகள் கட்டலாம் என்ற பேச்சும் சில காலமாக இருந்துவருகிறது.

"பூட்டுன மைதானத்துல யாரும் ஆட மாட்டாங்க. ஆடாத மைதானத்துல கடை கட்டறது ஈசி" என்றார் சுஜாதா. கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

பகல் ஒரு மணிக்கு எல்லோருக்கும் தக்காளிச் சாதம். சங்கத்தின் பொருளாளர் வரதராஜன், ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர், முனிராஜு குழுவைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், சுஜாதாவிடம் வந்து மெதுவாகப் பேசினார்.

"ஏம்மா, இந்தத் தெருவுல தமட்டைச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு? நம்ம பெரியவங்க பௌத்தத்துக்கு வந்தப்பவே, இனிமே யார் வீட்டு வாசல்லயும் போய் இத அடிக்க மாட்டோம்னு கீழ வெச்சது. அத நீ கூப்பிட்டு உள்ள வெச்சிருக்கே."

"அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாங்க, அதனால கீழ வெச்சாங்க மாமா. இவரு வேலைக்கு வந்திருக்காரு. ஜெனரேட்டர்காரரு வந்த மாதிரி."

"ஜெனரேட்டர் வேற, இது வேற."

"சரி, வேற. நீங்க போய் ரெண்டாயிரம் பேர மேற்கு வாசலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? போறதா இருந்தா இப்பவே சட்டையைத் தரேன்."

வரதராஜன் சட்டையைக் கேட்கவில்லை. பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் முனிராஜுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆனேக்கலில் நிலம் என்ன விலை என்று விசாரித்தார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இந்தக் குடியிருப்புக்குச் சொந்தமாக ஒரு பேண்ட் செட் இருக்கிறது. டிரம்பெட் இரண்டு, பெரிய டிரம் ஒன்று, ஜால்ரா. எல்லோரும் உள்ளூர் இளைஞர்கள், எல்லோரும் பிரேசில். வெற்றி ஊர்வலம் அந்த பேண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து வழியாகத்தான் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். சந்தின் கடைசியில், மைதானத்தை முதன்முதலில் சமப்படுத்தியவர்களின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஜெயித்த அணி எதுவானாலும் கொடி அங்கே ஒரு நிமிடம் சாய்க்கப்படும். அதை நிறுத்த யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சுஜாதாவும் நிறுத்த விரும்பவில்லை.

ஆகவே திட்டம் இது. ஆட்டம் முடிந்ததும் முனிராஜு மேற்கு வாசலில் தொடங்கிப் பிரதான சாலைக்கு நடப்பார். கூட்டம் அவர் பின்னால் போகும். மைதானம் ஏறக்குறைய காலியான பிறகு சுஜாதா விசில் கொடுப்பார். அப்போதுதான் பேண்ட் தொடங்கும். மிச்சமிருப்பவர்களோடு ஊர்வலம் சந்துக்குள் போகும். அதுவரை பேண்ட், சந்து வாயில் கயிற்றுக்கு உள்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பேண்டின் தலைவர் ஆனந்தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார், "அக்கா, நீங்க விசில் குடுக்கற வரைக்கும் உதட்டுல படாது. பிராமிஸ்."

மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னடத்தில் கேள்வி, தமிழில் பதில், இரண்டு பக்கமும் எந்தச் சிரமமும் இல்லாமல் நடந்தது. பட்டாசு எங்கே என்று கேட்டார். இந்த முறை பட்டாசே இல்லை என்றார் சுஜாதா. இன்ஸ்பெக்டர் பள்ளத்துப் பலகை மேல் ஏறி நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். மூன்றாவது சந்து வாயில் கயிற்றைப் பிடித்திருந்தவர்களைக் கண்டதும் அவர் முகம் சற்று மாறியது. ஆறு பேரும் பெண்கள், நடுத்தர வயது, சுய உதவிக் குழுவினர்.

"லேடீஸா? ஹுடுகுரு தள்ளிதரே?" பையன்கள் தள்ளினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.

கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த கமலா பதில் சொன்னார். "தள்ளட்டும் சார். ஒவ்வொருத்தனுக்கும் நான் அத்தையோ சித்தியோ. ராத்திரி சோத்துக்கு வீட்டுக்குத்தானே வரணும்."

இன்ஸ்பெக்டர் நான்கு காவலர்களை மேற்கு வாசலில் நிறுத்திவிட்டுச் சாலைப் பக்கம் போனார்.

நான்கரைக்கு ஆட்டம் தொடங்கியபோது மைதானம் நிறைந்திருந்தது. இரண்டாயிரத்துக்குக் குறையாது என்பது என் கணிப்பு. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுக் கூட்டங்களுக்கும் இடையே கயிறு கட்டிய வழிகள் காலியாக இருந்தன. ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு அந்த வழியே எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். யார் காலையும் மிதிக்கவில்லை. இடைவேளையில் மேற்கு வாசல் வழியாகப் பலர் வெளியே போய் வந்தார்கள். முனிராஜு அங்கே ஒரு ஸ்டூலில் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கண் சுஜாதாவின் மேலேயே இருந்தது. தம்பி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் யாரும் போடல" என்று அறிவித்தார்.

இரண்டாம் பாதியில், ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு, ஜெர்மன் கோல்கீப்பரின் கையிலிருந்து பந்து நழுவியது. பிரேசிலின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் அதை உள்ளே தட்டினார். ஏழு கூட்டங்கள் எழுந்தன. கயிறுகள் அதிர்ந்தன. பெட்டிச் சொந்தக்காரர்கள் ஏழு பேரும் ஒரே குரலில் உட்காரச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வடக்கு மூலையிலிருந்து ஒருவர் கத்தினார்: "கை வழுக்குனதுக்கெல்லாம் கொண்டாட்டமாடா?"

"வழுக்கறதுக்காச்சும் நாங்க அங்க இருக்கோம்டா, உங்காளுங்க எப்பவோ வீடு போய்ச் சேந்தாங்க" என்று பதில் வந்தது. சிரிப்பில் கோபம் எதுவும் இல்லை. சுஜாதா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏற்பாடு தாங்கியது என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

சுமார் பன்னிரண்டு நிமிடம் கழித்து அதே ஆட்டக்காரர் இரண்டாவது கோலைப் போட்டார்.

ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. சுஜாதா மைதானத்தின் நடுவில் இருந்தார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது. கிழக்கே, மூன்றாவது சந்து வாயில், டிரம்பெட் ஒலித்தது. அடுத்த நொடி பெரிய டிரம்.

ஆனந்தன் பொய் சொல்லவில்லை. இரண்டாவது கோலைப் பார்த்தபோது அவர் கை தானாக உயர்ந்திருக்கும். பிரேசில் ரசிகர்களைத் தேடிப்பிடித்து, பிரேசில் கோல் போட்டால் சும்மா இருங்கள் என்று சந்து வாயில் உட்காரவைத்தது திட்டத்தின் பிழை. அன்று காலையிலிருந்து நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பேண்ட் ஒலித்தால் ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் குடியிருப்பில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். கிழக்குப் பக்கத்து மூன்று கூட்டங்கள் எழுந்து கயிற்றுப் பக்கம் நகர்ந்தன. ஓடவில்லை. ஆனால் நின்றவர்கள் பின்னாலிருந்தவர்களுக்குத் தொலைக்காட்சியை மறைத்தார்கள். அதனால் அவர்களும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் முன்னால் வந்தார்கள். கயிற்றருகே ஆடத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் நெருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. தலைகளுக்கு மேலே கைகள் வந்தன. தோள்களை உயர்த்தாமல் மூச்சு விட முடியாத நெருக்கம்.

கமலாவின் குரல் கேட்டது. "டேய் கார்த்தி, பின்னால போ. சொல்றேன்ல."

"நான் போறேன் அத்தை, பின்னால விடமாட்டேங்கறாங்க."

அந்தப் பையன் உண்மையைத்தான் சொன்னான். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அத்தைக்குக் கட்டுப்பட்டவர்கள். அழுத்தம் வந்தது, அத்தையைப் பார்க்க முடியாத பத்தாவது வரிசையிலிருந்து. கயிறு வளைந்தது. ஒரு மாணவனின் ஒரு கால் கயிற்றுக்கு அப்பால், பலகையின் விளிம்பில் போய் நின்றது.

சுஜாதா விசிலை ஊதவில்லை. ஊதினால் பேண்டுக்கான அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதமாக எல்லோருக்கும் அவரே சொல்லிவைத்தது அது. மேற்குப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

மைதானத்தில் அப்போது தொலைக்காட்சியையோ பேண்டையோ பார்க்காமல் சுஜாதாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர் முனிராஜுவும் அவர் ஆட்களும்தான். கை உயர்ந்த மறுகணம் தமட்டை அடி விழுந்தது. டிரம்பெட்டைவிட அது உரத்தது. அடி நிதானமாக, சம இடைவெளியில் விழுந்தது. முனிராஜு நடந்துகொண்டே அடித்தார்; மேற்கு வாசலிலிருந்து வெளியே, சாலை நோக்கி, பத்தடி போவதும், நின்று திரும்பி அடிப்பதுமாக.

கூட்டத்தின் பின்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. கிழக்கே பார்த்தால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. மேற்கே பார்த்தால் திறந்த வாசலும், நான்கு ஆரஞ்சுச் சட்டைகளும், நடந்துகொண்டிருக்கும் ஓசையும். ஊர்வலம் இந்தப் பக்கம்தான் போகிறது என்று யாரோ சொன்னார். பத்தாவது வரிசை மேற்கே நகர்ந்தது. ஒன்பதாவது வரிசைக்குப் பின்னால் காலி இடம் உண்டானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையாக அவிழ்ந்தது.

அதற்குள் சுஜாதா கூட்டங்களுக்கு நடுவே கயிறு கட்டிய வழியில் புகுந்து பேண்டிடம் போயிருந்தார். ஆனந்தனின் டிரம்பெட்டிலிருந்து ஊதும் முனையைக் கழற்றித் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அக்கா, ரெண்டாவது கோலு அக்கா."

"பார்த்தேன். எனக்கும் கண்ணு இருக்கு."

"அதான் அக்கா, அடக்க முடியல."

"அடக்கிட்டேன்ல? உக்காரு."

ஆனந்தன் உட்கார்ந்தார். அவர் கையில் ஊதமுடியாத டிரம்பெட். பெரிய டிரம்காரர் தன் குச்சிகளை யாரும் கேட்காமலே கீழே வைத்தார். பலகை விளிம்பில் நின்ற மாணவனைக் கமலா சட்டைக் காலரைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். முழங்கையில் சிராய்ப்பு, வேறு எதுவும் இல்லை.

மேற்கே போனவர்களில் பலர் வாசலைத் தாண்டியதும், ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பது நினைவுக்கு வந்து, வாசலருகே இருந்த பெட்டியின் முன் கூடினார்கள். அங்கே இடம் இருந்தது. கடைசிச் சில நிமிடங்களை அவர்கள் நின்றபடி பார்த்தார்கள். முனிராஜு அடியின் வேகத்தை மாற்றாமல், ஓசையை மட்டும் குறைத்துக்கொண்டார்.

இறுதி விசில் ஆறு இருபதுக்குப் பக்கத்தில். தமட்டை மீண்டும் உயர்ந்தது. ஏறக்குறைய எல்லோரும் மேற்கு வாசல் வழியாகப் பிரதான சாலைக்கு நடந்தார்கள். சிலர் ஆட முயன்றார்கள். நடக்கிற அடிக்கு ஆட வராது. இரண்டு அடி வைத்துவிட்டு நடையில் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது சந்துக்காரர்கள் கடைசியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நடித்தபடி போனார்கள். கால் மணி நேரத்தில் மைதானத்தில் எழுபது எண்பது பேரே மிச்சம்.

சுஜாதா உள்ளங்கையைத் திறந்து ஊதும் முனையைக் கொடுத்தார். பிறகு விசில் கொடுத்தார். பேண்ட் தொடங்கியது. கொடி மூன்றாவது சந்துக்குள் போனது. ஒவ்வொருவராகப் பலகையைக் கடந்தார்கள். கல்லுக்கு முன்னால் கொடி சாய்ந்தபோது டிரம்பெட் ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடம் பிரதான சாலையிலிருந்து தமட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். யாருக்காவது அடியா என்று கேட்டார். ஒருவனுக்கு முழங்கைச் சிராய்ப்பு என்று சுஜாதா மறைக்காமல் சொல்லி, பையனை வரவழைத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதேனு? சைக்கிளிந்த பித்தரு ஜாஸ்தி ஆகத்தே." சைக்கிளிலிருந்து விழுந்தாலும் இதைவிட அதிகம் படும் என்கிறார். பேண்ட் ஏன் நடுவில் ஒலித்தது என்று அடுத்துக் கேட்டார்.

"தப்பு எங்களதுதான் சார். அடுத்த தடவ கிரிக்கெட் பார்க்கறவங்கள அங்க உக்கார வைப்போம்."

அவர் சிரிக்கவில்லை. லீக் எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். சுஜாதா சொன்னார். முதல் ஆட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பும்வரை சுஜாதா அசையாமல் நின்றிருந்தார். பிறகு கீழே உட்கார்ந்து, அன்று முதல்முறையாக, இடது தோளைக் கையால் பிடித்து அழுத்திக்கொண்டார்.

என்னை ஒசூர்ப் பேருந்து கிடைக்கும் இடம்வரை டெம்போவில் கொண்டுபோய் விடுவதாக முனிராஜு சொல்லியிருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நேரம் இருந்ததால் மைதானத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை நடந்து கடந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. வேர்க்கடலைத் தோல், கிழிந்த காகிதக் கொடிகள், மசாலாப் பொரி மடித்த தாள், ஒரு பால் புட்டியின் மூடி. செருப்பு ஒன்றுகூடக் கிடக்கவில்லை.